பொலித்தீனுக்குக் கீழே என்ன நிறம்?

மலையகத்தில் மழையை எதிர்த்து நின்று ஜெயித்த ஒரே மனிதர் எங்கள் லெதர் அண்ணன்தான். நாங்களெல்லாம் குடை, தொப்பி, ரெயின்கோட் என்று சகல ஆயுதங்களோடும் போய்த் தோற்றவர்கள். அவர் கையில் ஈரம் துடைக்க ஒரு துவாயும் குழந்தைகளுக்குத் தலைவாரும் ஒரு மெல்லிய பிரஷும் மட்டுமே இருந்தன. அவற்றை வைத்தே தன் காருக்குள் ஒரு சொட்டு மழை நுழையாமல் காவல் காத்தார்.

அண்ணன் ஹயருக்கு, அதாவது வாடகைக்குக் கார் ஓட்டுகிறவர். பின்னால் சாமான் வைக்க விசாலமாக இடமுள்ள நீளமான கார். பழைய சீட்டுகள் கிழிந்து பஞ்சு தள்ளியதும் கண்டிக்குக் கொண்டுபோய்ப் புத்தம் புதிதாக லெதர் சீட் போட்டுக்கொண்டு வந்தார். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

நானும் கணக்கு மாஸ்டரும் ஹட்டனிலிருந்து லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்கு அந்தக் காரில்தான் போய்வருகிறோம். தினமும் போய்வந்தும் அந்த லெதர் என்ன நிறம் என்று எங்களுக்குத் தெரியாது. லெதருக்கு மேல் பொலித்தீன், பொலித்தீனுக்கு மேல் பெட்ஷீட். கறுப்புத்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். சாம்பல் என்பார் கணக்கு மாஸ்டர். இதைப் பற்றி நாங்கள் விவாதித்த அளவு பாடத்திட்டத்தைப் பற்றி விவாதித்ததில்லை.

காரில் ஏறுவது லேசான காரியமில்லை. கதவைத் திறந்ததும் அண்ணன் கை நீட்டித் தடுப்பார்.

"சேர், உக்காந்துறாதீங்க! பின்னாடி பாக்கெட்டுல என்ன இருக்கு? பேனாவா? எடுத்துருங்க. மாஸ்டர், அந்த ஜீன்ஸ் புதுசா?"

"ஆமாப்பா, தீபாவளிக்கு எடுத்தது."

"புது ஜீன்ஸ் சாயம் விடும் மாஸ்டர். லெதர்ல ஏறுனா போகாது. பேப்பர் விரிச்சுத் தாரேன், அதுல உக்காருங்க."

"பெட்ஷீட் இருக்கு, பொலித்தீன் இருக்கு, எப்பிடிய்யா ஏறும்?"

"சாயத்தப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது மாஸ்டர்."

பிறகு துவாயால் எங்களைத் துடைப்பார். அடுத்து, இரத்தம் குடிக்கும் அட்டை ஒட்டியிருக்கிறதா என்ற பரிசோதனை. கையில் உப்புப் பொட்டலத்தோடு குனிந்து எங்கள் கணுக்காலை ஆராய்வார். "அட்டைக்கு ஒங்க தோல் வேற, லெதர் வேறன்னு தெரியுமா சேர்?" என்று கேட்பார். இறம்பொடை வளைவுகளில் போகும் ஹயர் என்றால் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு எலுமிச்சம்பழம், காதில் மாட்டிக்கொள்ள ஒரு பை. வாந்தி வருகிறதோ இல்லையோ, இறங்கும் வரை பை காதில் தொங்க வேண்டும்.

இத்தனை மூடி வைத்தாலும் தன் சீட் லெதர் என்பதை மறைக்க மட்டும் அவருக்கு மனம் வராது. ஒருமுறை மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் கோயிலுக்கு ஹயர் பேச வந்தார்கள். விரதத்தில் இருப்பவர்கள் தோல் பொருளைத் தொட மாட்டார்கள். குருசாமி பெட்ஷீட்டைத் தடவிப் பார்த்து, "கீழ ரெக்சின்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் சீசன் முழுக்க ஓட்டம். அண்ணனுக்கோ மானப் பிரச்சினையாகிவிட்டது. "ரெக்சினா? அசல் மாட்டுத் தோலுங்க சாமி!" என்று நெஞ்சை நிமிர்த்தினார். சாமிமார் காதைப் பொத்திக்கொண்டு அடுத்த வேனுக்குப் போய்விட்டார்கள். அண்ணன் முகத்தில் துளி வருத்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் சீட்டுக்கு அபிஷேகம். தான் குடியிருக்கும் லயத்து வீட்டு முன்னால் காரை நிறுத்தி, கதவையெல்லாம் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார். வெளியிலிருந்து பார்த்தால் அவர் தலை மட்டும் மேலும் கீழும் போய்வரும். "மொதல்ல தூசி தட்டணும். அப்புறம் தண்ணியில பிழிஞ்ச துணி. தண்ணி துணியில இருக்கணும் சேர், சீட்ல நிக்கக் கூடாது. நெழல்ல காயவிட்டு, பொறவு கிரீம். வட்ட வட்டமாத் தேய்க்கணும், பச்சப்புள்ளைக்குத் தேய்க்கிற மாதிரி" என்பார். சொல்லும்போது குரலே இளகிவிடும். எனக்குப் புல்லரிக்கும். நான் எதையும் அப்படி நேசித்ததில்லை.

இதில் வயிறெரிந்தவர் அவருடைய மனைவி பாக்கியம் அக்கா. பாடசாலைக்கு மேலேயுள்ள மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்.

"சீட்டுக்கு கிரீம் பூசுறாரு சேர், எங் காலு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு, அதுக்கு ஒரு சொட்டு உண்டா?" என்று என்னிடமே வழக்கு வைத்தார்.

வழக்கு அதோடு நிற்கவில்லை. புது சீட் போட்டு வந்த அன்றே அக்கா சபதம் செய்துவிட்டார். "பொலித்தீன் மேல உக்கார நான் என்ன கடைச் சாமானா? அதப் பிரிச்சாத்தான் ஏறுவேன்." அண்ணனும் கையடித்துச் சத்தியம் செய்தார். "மழை விடட்டும் பாக்கியம். விட்டதும் பிரிச்சு, மொதல்ல ஒன்னயத்தான் முன் சீட்ல உக்கார வைப்பேன்."

லிந்துலையில் மழை விடுவதாவது! வெயில் அடித்தால் மூடுபனி, மூடுபனி கலைந்தால் தூறல். அக்கா பஸ்ஸில் போனார், ட்ரெக்டரில் போனார், நடந்து போனார். புருஷன் காரில் மட்டும் ஏறவில்லை. அண்ணன் பக்கத்திலேயே மெதுவாகக் காரை உருட்டிக்கொண்டு, "ஏறேன் பாக்கியம்" என்று கெஞ்சுவார். "மழை விடட்டும்" என்று அக்கா திரும்பாமலே நடப்பார். முன் சீட்டில் வேறு யாரையும் அண்ணன் உட்காரவிட்டதில்லை. எங்கள் இடம் எப்போதும் பின்னால்தான்.

ஒருநாள் பாடசாலை விட்டு, கணக்கு மாஸ்டர் லீவு என்பதால் நான் மட்டும் துவாய்ச் சடங்குக்காகக் காரருகே நின்றேன். நல்ல மழை. திடீரென்று மேல் மலையிலிருந்து, "குளவி! குளவி!" என்று ஓலம். மரத்திலிருந்த குளவிக் கூட்டைப் பருந்து கலைத்திருக்கிறது. பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை எறிந்துவிட்டுத் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்து எழுந்து ஓடிவந்தார்கள். ஆட்களை ஏற்றும் தோட்டத்து ட்ரெக்டர் அந்நேரம் தூரத்து ஃபெக்டரியில். அண்ணன் துவாயைக் கீழே போட்டார். அது சேற்றில் விழுந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

நான் ஏறியதும் காரை நேரே மலை ரோட்டில் ஏற்றினார். மூன்று பெண்கள் கொட்டு வாங்கி விழுந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பாக்கியம் அக்கா. முகம் வீங்கி அடையாளமே தெரியவில்லை. இரண்டு பேரைப் பின் சீட்டில் ஏற்றி, அக்காவை அண்ணன் தூக்கிவந்து முன் சீட்டில் வைத்தார். எனக்கு இடமில்லாததால் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் மடங்கிக் கிடந்தேன்.

முதல் வளைவிலேயே விபரீதம் தெரிந்தது. பெண்களின் இடுப்பில் கொழுந்து பறிக்கும்போது நனையாமலிருக்கக் கட்டும் பிளாஸ்டிக் படங்கு. சீட்டிலோ பொலித்தீன். இரண்டும் மழையில் நனைந்து வழுக்கியதில், பிடித்து உட்காரத் தெம்பில்லாத அக்கா சீட்டிலிருந்து சரிந்து கீழே விழுந்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது.

அண்ணன் பிரேக் போட்டார். இறங்கிச் சுற்றி ஓடிவந்து, அக்காவை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் பெட்ஷீட்டை உருவி வீசினார். பொலித்தீனைக் கையால் கிழித்தார். வராத இடத்தில் பல்லால் கடித்து இழுத்தார். பின் சீட்டிலும் அப்படியே. திறந்த கதவு வழியாக மழை அந்த லெதர் மீது சோவென்று கொட்டியது.

அப்போதுதான் பார்த்தேன். கறுப்புமில்லை, சாம்பலுமில்லை. பால் ஊற்றாத நல்ல தேத்தண்ணியின் நிறம்.

அக்கா வீங்கிய இமைகளைப் பாதி திறந்து அதைப் பார்த்தார். உதடு சரியாக அசையவில்லை. ஆனாலும் கேட்டார்.

"என்னங்க... மழை விட்டுருச்சா?"

அண்ணனின் தலையிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

"விட்டுருச்சு பாக்கியம். நல்லா சாஞ்சு உக்காரு" என்றார்.

அதன்பிறகு கார் ஓடவில்லை, பறந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும் வரை யாரும் சரியவில்லை. மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு மருந்து ஏறும் வரை பெஞ்சில் காத்திருந்தபோது அண்ணன் என் தோளில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதார். என் சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தும் அன்று அவர் துவாயைத் தேடவில்லை.

அப்புறம்தான் இன்னொரு ரகசியம் வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணன் நடத்தியது பூசணத்தோடு யுத்தம். நம்மூர்க் குளிருக்குப் பொலித்தீன் உள்ளே வியர்த்து, லெதரில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. மனுஷன் அதைத் துடைத்துவிட்டு, ஈரம் உள்ளே வராமலிருக்க இன்னும் தடித்த பொலித்தீன் போட்டிருக்கிறார்! இப்போது பொலித்தீன் இல்லை, பூசணமும் இல்லை. சேறு, மழைத்தண்ணீர் எல்லாவற்றையும் பிழிந்த துணியால் துடைத்து, வட்ட வட்டமாக கிரீம் பூசி சீட்டைப் பழையபடி ஆக்கிவிட்டார். கிரீம் டப்பா ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று மட்டும் கேட்கக் கூடாது. பாக்கியம் அக்காவின் பாதங்களில் இப்போதெல்லாம் வெடிப்பே இல்லை.

மலையிலிருந்து நனைந்து இறங்கும் பெண்களை வழியில் கண்டால் அண்ணன் காரை நிறுத்தி ஏற்றுகிறார். துவாய் இல்லை, பரிசோதனை இல்லை, வெறும் லெதரில் உட்காருகிறார்கள். எங்களைக் கண்டால் மட்டும் பின் சீட்டுக்குப் பெட்ஷீட் வருகிறது. கணக்கு மாஸ்டர் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"எங்களுக்கு மட்டும் ஏன்யா பெட்ஷீட்?"

அண்ணன் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "மழை விடட்டும் மாஸ்டர்."

முன் சீட்டில் பாக்கியம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெளியே பிடித்துப் பெய்துகொண்டிருந்தது. பெய்யட்டும். இந்த மனுஷன் கார் ஓட்டும் காலம் வரை பெட்ஷீட் மேலேயே உட்கார்ந்து போக எனக்குச் சம்மதம்.