பாறை போன் பண்ணாது

மனித குலம் எழுதிய பொய்களிலேயே மிகப் பெரியது சரணாலயத்தின் எல்லைக்கோடு. இதை வரைபட விஞ்ஞானி ஞாயிற்றுக்கிழமை மதியம், வாய் நிறையச் சாப்பாட்டுடன், மாமனார் முன்னிலையில் அறிவித்தார்.

“நம்மாளுங்க எதைப் பாதுகாக்குறாங்க தெரியுமா மாமா? மொட்டைப் பாறையை! அங்க பல்லிகூட வாடகைக்கு வராது. தவளையும் பறவையும் இருக்கிற ஈரக்காடு கோட்டுக்கு வெளியே கிடக்கு. ஏன்னா, எவனோ ஒரு ஆபீசரோட மச்சான் நிலம் அங்க இருக்கும்!”

“இப்போ நீங்கதானே மாப்பிள்ளை புதுக்கோடு போடப்போறீங்க?”

“ஆமா. பெத்த அப்பன் நிலமா இருந்தாலும் உள்ளதான்!”

மகளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்த தன் ஓடைக்கரை நிலம் மாமனாருக்கு நினைவு வந்தது. மாப்பிள்ளைக்கு வரவில்லை. மாமனார் பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார்.

மறுநாள் அலுவலகத்தில் கணினி தன் வேலையைச் செய்தது. சிவப்பு, உயிரினங்கள் வாழும் இடம். பச்சை, ஏற்கெனவே காவலில் உள்ள இடம். பச்சை படாத சிவப்பெல்லாம் விடுபட்ட இடம். ஓடைப் பள்ளத்தாக்கு முழுக்க ரத்தச் சிவப்பு.

“பிடிச்சிட்டேன்!” என்று கத்தியவர், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வாயை மூடினார். நட்டநடுவில் அவருடைய வருங்கால மாடிவீடு.

“ஏம்மா, கோட்டை லேசா வளைச்சா தவளை கோவிச்சுக்குமா?”

“தவளை கோவிச்சுக்காது சார்,” என்றாள் உதவியாளர். “ஆனா மேலிடம் சொன்ன பரப்பளவு குறையக் கூடாது. இங்க விட்டதை வேற எங்கயாவது சேர்க்கணும்.”

வடக்கே சேர்த்தார். உடனே டைரக்டர் போனில் வந்தார். “என் பண்ணைவீட்டுல எந்தக் குரங்குய்யா அழிஞ்சிக்கிட்டிருக்கு?”

கிழக்கே தள்ளினார். அங்கே அமைச்சரின் தம்பி கல் உடைத்துக்கொண்டிருந்தார். இம்முறை டைரக்டர் பேசவில்லை, போனில் இருமினார். அது போதுமானதாக இருந்தது.

மேற்கே தள்ளினார். உதவியாளருடைய பெரியம்மாவின் தோட்டம். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கோப்புதான் கணினியிலிருந்து காணாமல் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், யாருமே போன் பண்ணாத ஒரே இடத்தைக் கண்டுபிடித்தார். பழைய சரணாலயத்தை ஒட்டிய இன்னொரு மொட்டைப் பாறை. சத்தமில்லாமல் அதைச் சுற்றிக் கோடு போட்டு, அறிக்கையில் ‘எதிர்காலத்தில் பல்லி வர வாய்ப்புண்டு’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வீட்டுக்கு விசிலடித்துக்கொண்டே வந்தார். கூடத்தில் மாமனார்.

“மாமா, கவலையை விடுங்க! ஓடைக்கரை நிலம் கோட்டுக்கு வெளியே. தாராளமா வீடு கட்டலாம்!”

மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“திங்கட்கிழமையே கிடைச்ச விலைக்குத் தள்ளிட்டேனே மாப்பிள்ளை! நீங்க சொன்னதை நான் நம்பினேன். வாங்கின உங்க டைரக்டர் நம்பல.”