கேட் திறந்தால் திட்டுகிற மாமா

ரயில்வே கேட் மூடினால் ஊரே திட்டும். திறந்தால் திட்டுகிற ஆள் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான். திருப்பாதிரிப்புலியூரில் சிதம்பரம் போகிற சாலையில், கேட்டடியில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்ற கேட் மாமா. பெயரைக் கேட்டால், "பேரத் தெரிஞ்சிக்கினாதான் மல்லாட்ட எறங்குமா?" என்பார்.

கூட்ஸ் வந்தால் கேட் மூடும், பஸ் நிற்கும், ஜன்னல் வழியாகக் கைகள் நீளும். ஆடி அசைந்து போகிற கூட்ஸ் என்றால் கூடை பாதி காலி. எக்ஸ்பிரஸ் மேல் அவருக்கு மரியாதையே கிடையாது. "அதெல்லாம் ஒரு வண்டியா? ஒண்ண உரிக்கிறதுக்குள்ள ஓடிடுது!"

வடக்கே புதிதாகக் கன்டெய்னர் துறைமுகம் திறந்த அன்று, கேட்டில் நின்ற அத்தனை பேருக்கும் மாமா மல்லாட்டையை இலவசமாகக் கொடுத்தார். "இனிமே கப்பல் கப்பலா பொட்டி வரும் மாப்ள. எல்லாம் நம்ம கேட்டத் தாண்டித்தான போவணும்!"

ஒரு பெட்டிகூட வரவில்லை. அதுமட்டுமா? தெற்கே பழைய துறைமுகத்துக்கு எங்கள் கேட் வழியாகப் போன சரக்கும் புதிய துறைமுகத்துக்கே திரும்பி, விருத்தாசலம் பாதையில் போக ஆரம்பித்தது. எங்கள் கேட் திறந்தே கிடந்தது. எனக்கோ சிதம்பரம் ஆபீசுக்கு நேரத்தோடு போய்ச்சேரும் துர்பாக்கியம். அவித்த மல்லாட்டை மறுநாள் தாங்காது. சாயங்காலமானால் மாட்டுக்குப் போனது.

மாமா ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

"எங்க சார் என் கூட்ஸு?"

"அது விருத்தாசலம் வழியா போவுதுய்யா. அதான் கிட்ட" என்றார் அங்கிருந்த அதிகாரி.

"யாருக்கு சார் கிட்ட? நீங்க பாட்டுக்குத் திருப்பி வுட்டுட்டா என் கூடைய யாரு கேப்பாங்க?"

அதிகாரி சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆலைக்காரரைக் கேட்கிறார்கள், கப்பல்காரரைக் கேட்கிறார்கள். கேட்டடியில் பிழைக்கிறவரை ஒரு வார்த்தை கேட்டால் என்ன குடிமுழுகிவிடும்? இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அடுத்த வாரம் மாமாவைக் காணோம். "என் வண்டி எங்க போவுதோ அங்க நானும் போறேன்" என்று கேட் கீப்பரிடம் சொல்லிவிட்டு, விருத்தாசலம் பக்கம் கிளம்பிவிட்டாராம்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் பைக்கில் போனேன். வழியில் கேட் மூடியிருந்தது. கன்டெய்னர் வண்டி முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்க, கூடையும் கையுமாக மாமா!

"பாத்தியா மாப்ள, நம்ம வண்டி!"

கடைசிப் பெட்டி தாண்டியது. கேட் திறந்தது. "அதுக்குள்ள என்னடா அவசரம் ஒங்களுக்கு?" என்று மாமா திட்ட ஆரம்பித்தார். பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. அந்தத் திட்டைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! நான் பைக்கை எடுக்கவில்லை.