துபாய்க்குப் போகாத தலையணை

‘தெரியாது’ என்ற சொல் என் வாயில் லேசில் வராது. அந்தக் கொழுப்பினால்தான் ஐந்து வருஷத்துக்கு முன்னால், அருப்புக்கோட்டையில் ஒரு போஸ்ட் ஆபீசில், என்னை நானே போலீசில் பிடித்துக் கொடுக்கும்படி ஆயிற்று.

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியவள் இல்லை. நாற்பது வயசுக்கு மேல் முதியோர் பள்ளிக்குப் போய் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் தெருவில் என் வயசுக்காரிகள் எல்லாம் கைநாட்டு, நான் கையெழுத்து. அதைப் போட ஒரு தாள் கிடைத்தால் போதும், கேட்பதற்கு முன்னாலேயே பேனாவை வாங்கிவிடுவேன். (ஒரு தடவை கேஸ் சிலிண்டர்காரர் ரசீதில் மூன்று இடத்தில் போட்டேன். அவர் கேட்டது ஒரு இடம்.)

என் மகள் செல்வி துபாயில் நர்ஸ். மாப்பிள்ளைக்கும் அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்குப் பாஸ்போர்ட் இல்லை. சம்பந்தியம்மாவிடம் இருந்தது. அவர் விமானம் ஏறிப் போய்ப் பேறுகாலம் பார்த்தார். எனக்கு வயிறு எரிந்தது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் காந்தியது.

பச்சைப் பிள்ளைக்குத் தலை உருண்டையாக வரவேண்டும் என்று கடுகு நிரப்பிய குட்டித் தலையணை வைப்போம். அதையாவது நான் அனுப்ப வேண்டும் என்று உட்கார்ந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. கடுகு எல்லா வீட்டிலும் வைப்பது. சம்பந்தியம்மா பார்க்க, நம்முடையது ஒசத்தியாக இருக்க வேண்டாமா? கடுகைவிடப் பொடிசு, கடுகைவிட மெத்தென்று இருப்பது எது? கசகசா! ஒரு படி வாங்கி, வெயிலில் காயவைத்து, மஞ்சள் பருத்தித் துணியில் இரட்டைத் தையல் போட்டேன். தலையை வைத்துப் பார்த்தேன். என் தலையே உருண்டையாகிவிடும் போல அவ்வளவு சுகம்.

போஸ்ட் ஆபீசில் கவுண்டர் பெண் கேட்டாள். “உள்ள என்ன இருக்கு பாட்டி?”

“பிள்ளைத் தலையணை.” (‘பாட்டி’ என்றதை மன்னித்துவிட்டேன்.)

“அனுப்பக் கூடாத சாமான் எல்லாம் இந்தத் தாள்ல போட்டிருக்கு. நான் வாசிச்சுச் சொல்லவா?”

“ஏன், எனக்கு வாசிக்கத் தெரியாதா?” என்று தாளைப் பிடுங்கினேன்.

முழுக்க இங்கிலீஷ். பின்வாங்க முடியுமா? கண்ணாடியை மூக்கில் ஏற்றி, வரிக்கு வரி விரலை ஓட்டி, நடுநடுவே “ம்... சரிதான்... நியாயந்தான்” என்று தலையாட்டினேன். மறுபக்கம் திருப்பினேன். அது வெறும் வெள்ளை. அதையும் கொஞ்ச நேரம் வாசித்தேன். பிறகு ஜம்மென்று கையெழுத்துப் போட்டேன்.

“நாலு மணி வண்டிக்கே மதுரை போயிரும்” என்றாள் அவள்.

ஊர் திரும்பத் திருச்சுழி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து செல்விக்குப் போன் போட்டேன்.

“ஏத்தா, தலையணை கெளம்பிருச்சு. உன் மாமியார்கிட்டச் சொல்லு, உள்ள இருக்கது கடுகு இல்ல, கசகசா.”

“கசகசாவா!” என்று கத்தினாள். சந்தோஷத்தில் கத்துகிறாள் என்று நினைத்தேன்.

“எம்மா... யாரு பேருக்கு அனுப்புன?”

“மாப்ள பேருக்குத்தான். அவுக பேரு இருந்தாத்தான மருவாதி.”

“ஐயோ எம்மா! இங்க கசகசா போதைப்பொருளு! ஒரு சிட்டிகை பையில இருந்தாலே பிடிச்சு உள்ள வச்சிருவாக. நீ படிக்கணக்குல அனுப்பியிருக்க! அவுக வேலையும் போயிரும், அவுகளும் போயிருவாக!”

“ஏடி, அது குருமாவுக்குப் போடுறதுடீ.”

“அபினிச் செடி விதைம்மா அது! இந்த ஊருல கஞ்சா மாதிரி. ஓடிப்போயி நிறுத்து!”

மணி மூன்றேகால். நான் எழுந்து கத்தினேன். “டிரைவர் தம்பி, வண்டிய நிறுத்துய்யா! என் மருமகன் ஜெயிலுக்குப் போறாரு!”

கண்டக்டர் டிக்கெட் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். “எந்த ஜெயிலும்மா? இந்த ரூட்டுல ஜெயிலே கிடையாதே!”

சீமைக் கருவேலங்காட்டுக்கு நடுவில் இறங்கினேன். எதிர்ப்பக்கம் பஸ்ஸைக் காணோம். கரி மூட்டை ஏற்றிய லோடு வண்டி ஒன்றுதான் வந்தது. முன்னால் இடமில்லை. மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் வியர்வையைத் துடைத்துத் துடைத்து, கரியை முகமெங்கும் சீராகத் தடவியிருக்கிறேன். அது எனக்குத் தெரியாது.

கவுண்டர் பெண் என்னைப் பார்த்ததும் நாற்காலியோடு பின்னால் போனாள்.

“தாயி, என் தலையணையத் திருப்பிக் குடு.”

“யாரு நீங்க?”

“அந்தத் தாள ரெண்டு பக்கமும் வாசிச்சேனே, அந்த ஆளுதான்.”

“பையில கட்டி சீல் வச்சாச்சு பாட்டி. திருப்பி எடுக்கணும்னா மனு எழுதணும். என்ன காரணம்?”

“உள்ள கசகசா இருக்கு.”

“அதுக்கென்ன? எங்க வீட்டுலயுந்தான் இருக்கு.”

வாசலில் தபால் வேன் உறுமிக்கொண்டு நின்றது. ஒருவர் பையைத் தோளில் தூக்கப் போனார். சத்தியமாக அது எனக்குப் பையாகத் தெரியவில்லை; கைகால் கட்டிக் கிடந்த மாப்பிள்ளையாகவே தெரிந்தது. பாய்ந்து பையைக் கட்டிக்கொண்டு தரையில் விழுந்தேன்.

“யாரும் தொடாதீக! இதுக்குள்ள போதைப்பொருளு இருக்கு!”

வரிசை முழுவதும் சுவரோடு ஒட்டிக்கொண்டது. போஸ்ட் மாஸ்டர் உள்ளேயிருந்து வந்தார். “யாரும்மா வச்சது?”

“நாந்தான்.”

“யாரு கண்டுபிடிச்சது?”

“அதுவும் நாந்தான்.”

அவர் ஸ்டேஷனுக்குப் போன் போட்ட பத்து நிமிஷத்தில் ஏட்டையா வந்துவிட்டார். பையைப் பிரித்துத் தலையணையை மேசையில் வைத்தார்கள். அவர் கத்தரிக்கோலை எடுத்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை.

“ஐயா, ஓரமாப் பிரிங்க. ரெட்டைத் தையலு.”

அவர் முறைத்துக்கொண்டே நட்டநடுவில் வெட்டினார். ஒரு படி கசகசாவும் மேசையிலிருந்து கொட்டித் தரையெல்லாம் ஓடியது. என்னவென்று பார்க்க வந்த போஸ்ட் மாஸ்டர் ஒரே எட்டு வைத்தார். மீதித் தூரத்தை வழுக்கியே கடந்து அலமாரியைப் பிடித்து நின்றார். ஏட்டையா ஒரு சிட்டிகை எடுத்து மோந்தார். நாக்கில் வைத்தார். மென்றார். இன்னும் கொஞ்சம் எடுத்து மென்றார்.

“ஏம்மா, இது கசகசா.”

“அதத்தானய்யா வந்ததுல இருந்து சொல்றேன்!”

“இது இங்க குத்தமில்ல.”

“அங்க குத்தம்யா!”

“அங்கதான் போகலையே?”

“போகக் கூடாதுன்னுதானய்யா பிடிச்சேன்!”

ஏட்டையா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “அப்ப உன் மேல கேஸ் போடவா, சால்வை போடவா?”

இரண்டும் போடவில்லை. நடந்ததை ஒரு தாளில் எழுதி என் முன்னால் வைத்தார். தமிழ்தான். ஆனாலும், “எனக்குச் சரியா வாசிக்கத் தெரியாதுய்யா, நீங்களே சொல்லுங்க” என்றேன். ‘தெரியாது’ என்று சொல்லி முடித்தபின் பார்த்தால், ஒன்றும் குறைந்துபோகவில்லை. அதன் பிறகு விளக்குமாற்றை என் கையில் கொடுத்தார்கள். பொழுது சாயும்வரை கூட்டினேன்.

தலையணையைச் சம்பந்தியம்மாவே அங்கே கடுகு வாங்கித் தைத்துவிட்டார். பேத்தியின் தலை நல்ல உருண்டை. அதைப் பற்றி நான் பேசுவதில்லை.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைமார் மாமியாரிடம் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். எங்கள் மாப்பிள்ளையும் அப்படித்தான். முதல் தடவை லீவில் வந்து திரும்பக் கிளம்பும்போது மட்டும், பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொன்னார். “அத்தையைக் கொஞ்ச நேரம் பக்கத்து வீட்டுல இருக்கச் சொல்லு செல்வி.”

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அவர்கள் பெட்டி கட்டி, பூட்டி, சாவியை மாப்பிள்ளை சட்டைப்பையில் போடும்வரை நான் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து டீ குடிப்பேன். பிறகு பேத்தி வந்து கூப்பிடுவாள். போன தடவை கூப்பிட வந்தவள் உடனே விடவில்லை. வாசற்படியில் என்னை நிறுத்தி, இரண்டு கையையும் விரிக்கச் சொல்லிப் பார்த்தாள். முந்தியை உதறினாள். இடுப்பில் செருகியிருந்த வெற்றிலைப் பொட்டலம் விழுந்தது. அதை மோந்து பார்த்து, படிக்கு வெளியே தள்ளி வைத்துவிட்டு, “இப்ப முத்தம் குடு அம்மாச்சி” என்று கன்னத்தைக் காட்டினாள்.