எல்லாம் அட்டவணைப்படி

கட்டடம் கட்டக் கற்ற நாளிலிருந்து மனித குலம் ஒரு பெரும் பிழையைச் செய்துவந்திருக்கிறது. திட்ட மேலாண்மை என்ற ஒன்று இல்லாமலேயே கட்டடங்களைக் கட்டி முடித்துவிட்டது. திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். இருநூற்றுப் பதினேழு அடிக்கு ராஜகோபுரம் எழுப்பியவர்கள், வாராந்திர ஆய்வுக் கூட்டம் ஒன்றையாவது நடத்தியதாகக் கல்வெட்டுச் சான்று இல்லை. ஏதோ அவர்களுடைய நல்ல காலம், கோபுரம் நின்றுவிட்டது.

அந்த இருண்ட காலம் செங்கம் சாலையில் முடிவுக்கு வந்தது. ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் 'சாந்தி சிகரம்' என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. தரைத்தளம், அதன் மேல் மூன்று மாடி, பால்கனிதோறும் மலை. அங்கேதான், வந்தவாசிப் பக்கம் நெல்லும் மணிலாக் கடலையும் பயிரிடும் ஒருவரின் மகளான மதுமிதா, முப்பது நாள் இன்டர்ன்ஷிப்புக்கு வந்து சேர்ந்தாள். சிவில் கடைசி ஆண்டு. சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் கல்லூரியில் பரீட்சை எழுத விடமாட்டார்கள்.

முதல் நாளே அவளுக்கு வெள்ளை ஹெல்மெட்டும் ஆரஞ்சு மேல்சட்டையும் கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டையும் கிடைத்தன. திட்ட மேலாளர் அருண்பிரசாத் குளிரூட்டப்பட்ட கன்டெய்னர் அறையில் அவளை வரவேற்றார். அவருக்குப் பின்னால் பெரிய திரையில் '87%' என்று பச்சை நிறத்தில் ஒளிர்ந்தது.

"இதான் நம்ம பில்டிங்" என்று திரையைக் காட்டினார். ஜன்னல் வழியாக, அரைகுறையாக நின்ற வேறொரு கட்டடம் தெரிந்தது. மதுமிதா அதைப் பார்த்தபடி கேட்டாள்.

"சைட்டுக்கு எப்ப போலாம் சார்?"

"சைட்டா?" அவர் உண்மையாகவே திகைத்தார். "எதுக்கும்மா? எல்லாம் இங்கயே அப்டேட் ஆவுதே!"

நான்காம் நாள், அவர் ஒரு காணொளிக் கூட்டத்தில் மூழ்கியிருந்தபோது, மதுமிதா நழுவிப் போய்க் கட்டடத்தில் ஏறினாள். தரையிலிருந்து முதல் மாடிக்குப் படி இருந்தது. முதல் மாடியிலிருந்து இரண்டாவதற்கும் இருந்தது. இரண்டாவது மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், கூரையில் சதுரமாக ஓர் ஓட்டை. அதில் ஒரு சவுக்கு ஏணி சாய்ந்திருந்தது. மேஸ்திரி சகாதேவன் அதன் வழியே இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"இன்னா மேடம் அப்படிப் பாக்குறீங்க?"

"மூணாவது மாடிக்குப் படி எங்கங்க?"

"ப்ளான்ல இருக்குது. அட்டவணையில இல்ல. கட்டட்டுமான்னு மூணு தபா கேட்டுட்டேன். அட்டவணையில இல்லாத வேலையில கை வெச்சா பில்லு பாஸாவாதுன்னுட்டாங்க. நம்ம கையில இன்னா இருக்குது?"

மதுமிதா திரும்பி வந்து அட்டவணையைப் புரட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டு வேலைகள். திறப்பு விழாவுக்கு வாழை மரம் கட்டுவதற்குக்கூட அரை நாள் ஒதுக்கியிருந்தார்கள். அந்தப் படி மட்டும் இல்லை. காரணமும் புரிந்தது. கம்பெனி இதற்குமுன் கட்டியது இரண்டு மாடி விடுதி. அதன் அட்டவணையில் பெயரை மட்டும் மாற்றி, மூன்றாவது மாடியைச் சேர்த்திருந்தார்கள். மாடி சேர்ந்தது; அதற்குப் போகும் வழி சேரவில்லை.

அருண்பிரசாத் பொறுமையாகக் கேட்டார். பிறகு பரிவோடு விளக்கினார்.

"இங்க பாரும்மா. நம்ம ப்ராஜெக்ட்ல தாமதம் ஜீரோ. படின்னு ஒரு லைன் சேத்தேன்னு வை, எண்பத்தேழு எண்பத்துமூணு ஆயிடும். ஹெட் ஆபீஸ்ல கேப்பாங்க. இல்லாத வேலை எப்படித் தாமதமாவும்? யோசி."

மதுமிதா யோசித்தாள். அதில் ஓட்டை எதுவும் இல்லை. ஓட்டை இரண்டாவது மாடிக் கூரையில்தான் இருந்தது.

இருந்தாலும் நிர்வாகம் அலட்சியமாக இருந்துவிடவில்லை. உடனே கூட்டம் கூட்டியது. மதியம் மூன்று மணிக்குத் தொடங்கிய கூட்டம் நீண்டுகொண்டே போனது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் வீட்டில் வளர்ந்த மதுமிதா, ஐந்தரைக்கு டிபன் பாக்ஸைத் திறந்தாள். "டைம் மேனேஜ்மென்ட்!" என்று அருண்பிரசாத் மற்றவர்களுக்கு அவளைச் சுட்டிக்காட்டினார். ஒப்பந்தப்படி, விதிப்படி, வரைபடத்தின்படி, அட்டவணைப்படி என்று எல்லாப் படிகளும் அலசப்பட்டன. சென்னையிலிருந்து வந்தவர்களுக்குப் பயணப்படியும் உண்டு. மாடிப்படிக்குத்தான் நேரம் போதவில்லை. இறுதியில் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, சவுக்கு ஏணி இனி 'தற்காலிகச் செங்குத்து அணுகல் வசதி' என்று அழைக்கப்படும். இரண்டு, 'மாடிப்படியின் அவசியம்: ஓர் ஆய்வு' என்ற தலைப்பில் மதுமிதா இருபத்துநான்கு ஸ்லைடுகள் தயாரிப்பாள்.

தயாரித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஏணி அப்படியே இருந்தது.

அந்த வாரக் கடைசியில் பலராமன் வந்தார். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், மூன்றாவது மாடியில் வீடு வாங்கியவர். அருண்பிரசாத் அவரை உட்காரவைத்து, கண்ணில் ஒரு கனத்த மெய்நிகர்க் காட்சிக் கருவியை மாட்டி, வீட்டைச் சுற்றிக் காட்டினார். பலராமன் ஹாலைப் பார்த்தார், சமையலறையைப் பார்த்தார், பால்கனியில் நின்று மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கருவியைக் கழற்றினார்.

"வீடு சூப்பரா இருக்குது சார். ஆனா நான் இன்னும் இங்கதான குந்தினுகிறேன்?"

வேறு வழியில்லாமல் மதுமிதாவைத் துணைக்கு அனுப்பினார்கள். புது வீடு என்று செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு, ஜல்லியிலும் மணலிலும் வெறுங்காலோடு இரண்டு மாடி ஏறி வந்த மனிதர், அந்த ஓட்டையின் கீழே நின்றுவிட்டார். பின்னாலேயே வந்த அருண்பிரசாத், "இது தற்காலிகச் செங்குத்து அணுகல் வசதி சார்" என்றார்.

"ஏணிதான?"

"லிப்ட் பேஸ் டூல வருது சார்."

"பேஸ் டூ எப்ப?"

"பேஸ் ஒன் முடிஞ்சதும்."

"அது எப்ப முடியும்?"

"எண்பத்தேழு பர்சன்ட் முடிஞ்சிடுச்சே சார்!"

பலராமன் மதுமிதாவைப் பார்த்தார். "முப்பத்தோரு வருசம், படியில நிக்காத, உள்ள போ, உள்ள போன்னு கத்தினவன்மா நானு. இங்க நிக்கலாம்னாக்கூட ஒரு படி இல்லியே. என் வீட்டம்மாவுக்கு முட்டி வலி. தீபத்தன்னிக்கு பால்கனியில குந்தினு பாக்கட்டும்னுதான் இந்த வீட்ட வாங்கினேன்."

அவர் கத்தியிருந்தால் மதுமிதாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சாதாரணமாகச் சொன்னார். தன் இருபத்துநான்கு ஸ்லைடுகளும் நினைவுக்கு வந்து அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

அன்று மாலை நானூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் மறுபடி படித்தாள். முந்நூற்றுப் பதினொன்றாவது வரி: 'செல்ஃபி மேடை. கம்பி, சிமென்ட் ஒதுக்கீடு முடிந்தது. பத்து நாள்.' இடம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

மறுநாள் காலை சகாதேவனிடம் போனாள்.

"மேஸ்திரி, செல்ஃபி மேடை கட்டணும்."

"கட்டிட்டாப் போச்சு. எங்க?"

"ரெண்டாவது மாடியில. ஒரே மேடையா வேணாம். பதினெட்டா பிரிச்சிடலாம். ஒண்ணைவிட ஒண்ணு ஏழு அங்குலம் உசரமா."

சகாதேவன் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஆறாவது மேடையில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ப்ளான் ஷீட்ட எடுத்தாங்க மேடம். அதுல இருக்குற அளவுக்கே மேடைய போட்டுடலாம்."

அருண்பிரசாத் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எதுக்கும்மா பதினெட்டு லெவல்?"

"குடும்பப் போட்டோ சார். பின்னால நிக்கிறவங்க மூஞ்சி மறைக்காது."

"கஸ்டமர் மேல அக்கறைன்னா இதான்!" என்று கையெழுத்துப் போட்டார்.

பலகை அடித்தார்கள், கம்பி கட்டினார்கள், கான்கிரீட் போட்டார்கள், நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினார்கள். திரையில் எண்பத்தொன்பது ஆனது. அடியில் முட்டுக் கம்புகளை இன்னும் எடுக்காத நிலையிலேயே பலராமன் மனைவியை அழைத்துவந்தார். அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு, மேடைக்கு மேடை நின்று, பதினெட்டும் ஏறி, பால்கனிக்குப் போய்ச் சேர்ந்தார். மலையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "காத்து ஜாஸ்தியா வருது, துணி சீக்கிரம் காஞ்சிடும்" என்றார். அந்த முப்பது நாளில் மதுமிதா கேட்ட ஒரே உருப்படியான திட்ட மதிப்பீடு அதுதான். பலராமன் அந்த மேடைகளில் மேலும் கீழுமாக நான்கு தடவை நடந்து பார்த்துக்கொண்டார்.

பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். செல்ஃபி மேடையின் மேல் ஆட்கள் நடந்து போவதைக் கண்டு மிகவும் வருந்தினார். 'படம் எடுக்க மட்டும். ஏறக் கூடாது' என்று பலகை வைத்து, குறுக்கே கயிறு கட்டச் சொன்னார். பலகை வந்தது. கயிற்றைச் சகாதேவன் சாரம் கட்ட எடுத்துக்கொண்டார். ஆண்டின் சிறந்த புதுமைக்கான விருது அருண்பிரசாத்துக்குக் கிடைத்தது. பொன்னாடையோடு மேடையின் ஒன்பதாம் நிலையில் நின்று அவர் எடுத்துக்கொண்ட படத்தில், பின்னால் நின்றவர்களில் ஒருவர் முகமும் மறையவில்லை.

முப்பதாம் நாள் மதுமிதா தன் உறையை வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பிரித்தாள். சான்றிதழ் இருந்தது. வருகை, ஒழுக்கம், ஸ்லைடு தயாரிப்பு எல்லாவற்றிலும் முழு மதிப்பெண். 'திருத்திக்கொள்ள வேண்டியவை' என்ற இடத்தில் மட்டும் அருண்பிரசாத் தம் கைப்படவே எழுதியிருந்தார்:

'கட்டடம் கட்டுவதில் தேவையற்ற ஆர்வம் காட்டுகிறார். வேலையில் சேர்ந்தால் சரியாகிவிடும்.'