தூண் மறைக்காத இரண்டு இடங்கள்

“தூண் மறைக்கிற இடம் வேணுமா, மறைக்காத இடம் வேணுமா?” என்று டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள்.

 காசு கொடுத்துத் தூணைப் பார்க்க வருகிறவர்களும் உண்டு என்பதே குமாஸ்தாவுக்குப் புதுச் செய்தி.

“மறைக்காத இடத்துல மலிவா எது இருக்கு?”

“மறைக்காதது எதுவும் மலிவா இல்ல. மலிவா இருக்கறது எதுவும் மறைக்காம இல்ல.”

வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டு, அவள் அவனுக்குப் பின்னால் நின்றவரை எட்டிப் பார்த்தாள். குமாஸ்தா கம்பியைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றான். முதலாளி சொன்னதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான்.

“சனிக்கிழமை சாயங்காலம் அந்த இசை நாடகத்துக்கு ரெண்டு டிக்கெட். வீட்டுல பிறந்தநாள், போயே ஆகணும்கறாங்க. நல்ல இடமா இருக்கணும், விலையும் கம்மியா இருக்கணும். கிடைக்கலன்னா மனச வருத்திக்காதே. வந்து சொல்லிடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

இப்படி ஒரு முதலாளி யாருக்குக் கிடைப்பார் என்று அவன் நெகிழ்ந்து போயிருந்தான்.

முதலாளிக்கு மெத்தைக் கம்பெனி. மெத்தையின் அருமை தெரிந்தவர். மதியச் சாப்பாடு முடிந்ததும் புதிதாக வந்த மெத்தை ஒன்றைத் தானே படுத்துச் சோதித்துப் பார்ப்பார். சோதனை சாயங்காலத் தேநீர் வரைக்கும் நடக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவர் விழித்திருந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை.

குமாஸ்தாவுக்கு அந்தக் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவு. அங்கே அவனுக்கு இருந்த பெயரை வீட்டில் சொல்ல முடியாது. விடுதிக்குப் போக வேண்டிய இரட்டை மெத்தைகள் ஒருமுறை குழந்தைகள் காப்பகத்துக்குப் போயின. தொட்டில் மெத்தைகள் விடுதிக்குப் போயின. முகவரி எழுதியது அவன்தான், ஆனால் லாரி ஓட்டினவன் யோசிக்க வேண்டாமா? கம்பெனி காலண்டர் அச்சடிக்கும் வேலையை அவனிடம் கொடுத்தார்கள். ஏப்ரல் இரண்டு தடவை வந்தது, மே வரவே இல்லை. அதற்கு அச்சகத்தார்தான் பொறுப்பு. யானைக்கும் அடி சறுக்கும் என்பது அவன் கட்சி. யானை வாரா வாரம் சறுக்கினால் ஊரில் யார் அதை யானை என்பார்கள்?

ஆகவே, முதலாளியின் டிரைவர் வந்து, “தம்பி, ஐயா உன்னைக் கூப்பிடறாரு” என்றபோது அவன் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

“என்னையா அண்ணே? நல்லா விசாரிச்சீங்களா?”

“உன்னையேதான். நல்லா யோசிச்சுத்தான் கூப்பிடறாரு. போ.”

போனால், டிக்கெட் வாங்கும் வேலை. சொந்த வீட்டு வேலை. அதிலும் தலைமைக் குமாஸ்தா ஓய்வு பெறப்போகிற நேரம். அவருடைய கை வைத்த நாற்காலியைப் பற்றிக் குமாஸ்தாவின் மனைவி தன் அக்காவிடம் ஏற்கெனவே பேசிவிட்டாள். அதுகூடப் பெரிதில்லை. ஒரு வேலையை, ஒரே ஒரு வேலையை, ஒழுங்காக முடித்தான் என்ற பேச்சு வந்தால் போதும் என்று அவனுக்கு ஏக்கமாக இருந்தது.

கவுண்டரிலிருந்தபடியே முதலாளிக்குப் போன் செய்தான்.

“சார், தூணுக்குப் பின்னாலதான் இருக்கு.”

“தூணா?” முதலாளியின் குரல் நிமிர்ந்தது. “எவ்வளவு பெரிய தூண்?”

“ரெண்டு கையால கட்டிப் பிடிக்கலாம் சார்.”

“அடடா. வீட்டுல தூணுக்குப் பின்னால உக்காரவே மாட்டாங்களே. சரி, நீ என்ன பண்ணுவே? கிளம்பி வா.”

வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. கையில் ஏதாவது இருந்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டு, தூண் டிக்கெட் இரண்டையும் வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனான். முதலாளி டிக்கெட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ‘பார்வை மறைக்கும்’ என்று அதில் அச்சடித்திருந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு தன் சொந்த பிளாஸ்கிலிருந்து அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

“நல்ல வேலை பண்ணினே. இதை நான் வீட்டுல காட்டறேன்.”

குமாஸ்தா தேநீரைக் கீழே வைத்தான். பாவம், ஏமாற்றத்தை எவ்வளவு அழகாக மறைக்கிறார். “சார், குடுங்க. நான் மாத்திட்டு வர்றேன்” என்று அவர் கையிலிருந்து டிக்கெட்டுகளை மெதுவாக உருவிக்கொண்டான்.

அன்று மாலை வீட்டில் அலமாரிக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு மனைவியை உட்கார வைத்தான். தான் அலமாரிக்கு முன்னால் நின்று கையை விரித்து, தெரிந்த பாட்டு ஒன்றைப் பாடினான்.

“என்ன தெரியுது?”

“அலமாரி தெரியுது.”

“நான் தெரியலையா?”

“கை தெரியுது. அதுவும் அப்பப்ப. எதுக்கு இந்தக் கூத்து?”

“முதலாளி வீட்டம்மாவுக்கு இந்த மாதிரி இடம்தான் வாங்கியிருக்கேன்.”

மனைவி எழுந்து வந்து அவன் முன்னால் நின்று அவனைப் பார்த்தாள். “பிறந்தநாள் அதுவுமா ஒரு பொம்பளையத் தூணைப் பாக்க வெச்சுட்டு, நாற்காலி குடுங்கன்னு எந்த மூஞ்சியோட கேப்பீங்க? காலையில முதல் வேலையா மாத்திட்டு வாங்க.”

மறுநாள் கவுண்டர் திறக்கும் முன்பே போய் நின்றான். அவனைப் பார்த்ததும் அந்தப் பெண் தண்ணீர் குடித்துக்கொண்டாள்.

“பின்வரிசையில முகம் தெரியாது. ஓரத்துல பாதி மேடை தெரியாது. மாடியில முதல் வரிசையில உக்காந்தா கம்பி கழுத்துக்கு நேரா வரும். முன்வரிசையில நடிகர்களோட தாடை தெரியும், பாடும்போது எச்சில் தெறிக்கும். எது வேணும்?”

“எல்லாரும் எங்கதான் உக்காருவாங்க?”

“கீழ, அஞ்சாம் வரிசை, நடு. அது எப்பவோ போச்சு.”

அவன் தாடையைத் தேர்ந்தெடுத்தான். முன்வரிசை என்றால் கேட்கவே கௌரவமாக இருந்தது. ஆபீசுக்கு ஓடிப்போய்ச் சொன்னான்.

“முன்வரிசை சார்.”

முதலாளியின் முகம், பஞ்சு பிடுங்கிய தலையணைபோல் தொங்கிப்போனது. குமாஸ்தா பயந்துவிட்டான். மறைக்காமல் மீதியையும் சொன்னான். “ஆனா ஒரு சின்னக் குறை சார். ஒண்ணு இந்தக் கோடியில, இன்னொண்ணு அந்தக் கோடியில.”

முகம் மறுபடி உப்பியது. “தனித்தனியாவா? வீட்டுல தனியா உக்காரவே மாட்டாங்களே. சரி விடு. நமக்குக் குடுத்து வெச்சது அவ்வளவுதான்.”

“மாத்திடறேன் சார்.”

“மாத்தாதே” என்று முதலாளி சற்று உரக்கவே சொன்னார்.

குமாஸ்தா யோசித்துக்கொண்டே படியிறங்கினான். நல்ல செய்தி சொன்னால் மனிதர் வாடுகிறார், கெட்ட செய்தி சொன்னால் மலர்கிறார். வெளியே கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரிடம் போய்க் கேட்டான்.

“அண்ணே, ஐயாவுக்கு என்ன வேணும்னே புரியலையே.”

“வேண்டாம்னு சொன்னாரா இல்லையா? வேண்டாம்னா விட்டுடு தம்பி.”

“நம்ம கஷ்டத்தைப் பாத்து வேண்டாம்கறாரு. பெரிய மனசு.”

டிரைவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, துடைத்த இடத்தையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்.

அன்று மதியமே குமாஸ்தா மறுபடி கவுண்டரில். பிரிந்திருக்கும் டிக்கெட்டுகளைக் கொடுத்துவிட்டால், சேர்ந்த டிக்கெட் வரும்போது முதல் ஆளாகத் தனக்குக் கிடைக்கும் என்று அவன் தானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். கொடுத்தான். அவன் கையை எடுப்பதற்குள் பக்கத்து ஜன்னலில் அவை விற்றுப்போயின. சேர்ந்த டிக்கெட் வரவில்லை. தூண் டிக்கெட் இருக்கிறதா என்று கேட்டான். அதுவும் போய்விட்டிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானாலும் கையில் ஒரு குரங்காவது மிஞ்சும். இவன் கையில் மண்கூட இல்லை.

வெள்ளிக்கிழமையும் போனான், சனிக்கிழமை காலையிலும் போனான். ஒன்றும் வரவில்லை. முதலாளிக்குப் போன் செய்தான்.

“சார், இருந்ததும் போச்சு சார். என்னை மன்னிச்சிடுங்க.”

மறுமுனையில் முதலாளி சிரித்தார். வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார்.

“இதுக்குப் போய் மன்னிப்பு எதுக்கு? நீ முயற்சி பண்ணினே பாரு, அது போதும். வீட்டுல நான் சமாதானம் சொல்லிட்டேன். திங்கட்கிழமை காலையில என்னை வந்து பாரு. அந்தத் தலைமைக் குமாஸ்தா வேலை விஷயமாப் பேசணும்.”

குமாஸ்தா போனை வைத்துவிட்டு நடைபாதையில் அப்படியே நின்றான். தோற்றுப்போனவனுக்கு நாற்காலி கொடுக்கிற மனிதர் உலகத்தில் இருக்கிறாரா? வேறு யாராக இருந்தாலும் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்கள். இவனுக்கு மனம் ஒப்பவில்லை. இப்பேர்ப்பட்டவருக்கு டிக்கெட் வாங்கிக் கொடுக்காமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அது முள்ளாகக் குத்தும். திரும்பிக் கவுண்டருக்கே நடந்தான்.

“இல்ல” என்றாள் அந்தப் பெண், அவன் வாயைத் திறக்கும் முன்பே.

“நான் நிக்கறேன்.”

“நின்னா வராது.”

“வரலன்னா நிக்கறேன்.”

விடாக்கண்டனும் கொடாக்கண்டனுமாக மாலை வரை அது நடந்தது. வரிசையில் வந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் அவனிடம் கழிப்பறை எங்கே என்று விசாரித்தார். நாடகம் தொடங்க ஒரு மணி நேரம்கூட இல்லாதபோது அவளுடைய போன் அடித்தது. அவள் கேட்டாள், வைத்தாள், அவனைப் பார்த்தாள்.

“யாரோ வரலையாம். அஞ்சாம் வரிசை, நடு, ரெண்டு இடம், சேர்ந்தாப்புல. கடைசி நேரம்கறதால பாதி விலை. எடுத்துக்கிட்டு தயவுசெஞ்சு போயிடுங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க.”

டாக்ஸி பிடித்து முதலாளி வீட்டுக்குப் பறந்தான். கதவைத் திறந்தது முதலாளியின் மனைவி. கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. உள்ளே முதலாளி இரவு உடையில், கையில் பால் டம்ளரோடு, படுக்கையறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

“அம்மா, டிக்கெட் கிடைச்சிடுச்சு. அஞ்சாம் வரிசை, நடு. தூணே கிடையாது.”

“நிஜமாவா?” அந்த அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. “கிடைக்கவே இல்லைன்னு சொன்னாரே. நானும் இந்த வருஷம் அவ்வளவுதான்னு நினைச்சுட்டேன்.”

முதலாளி பால் டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். பேயறைந்த மாதிரி இருந்தார். சந்தோஷம் அளவுக்கு மீறினால் சிலருக்கு அப்படித்தான் ஆகும் என்று குமாஸ்தா நினைத்துக்கொண்டான்.

“பாதி விலை சார்” என்றான், கூடுதல் சந்தோஷத்துக்காக.

“எனக்கு என்னமோ தலை வலிக்குது” என்றார் முதலாளி.

“மாத்திரை இருக்கு சார்.” நாள் முழுக்க வெயிலில் நின்றவனிடம் மாத்திரை இல்லாமலா?

“கோட்டுல பட்டன் இல்ல.”

“ஊக்கு இருக்கு சார்.” தன் சட்டையிலிருந்தே கழற்றிக் கொடுத்தான்.

முதலாளி உடை மாற்றி, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கார் பக்கத்தில் டிரைவரோடு ஏதோ பேசினார். சிறிது நேரத்தில் நிம்மதியான முகத்தோடு திரும்பி வந்தார்.

“டயர் பஞ்சராம். என்ன பண்றது? நம்ம நேரம்.”

“நான் வந்த டாக்ஸி வாசல்லயே நிக்குது சார்.”

 முதலாளியின் மனைவி கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். போகிற வழியில் குமாஸ்தாவின் தலையில் கை வைத்து, “நீ நல்லா இருக்கணும்” என்றாள். டாக்ஸிக்குள் ஏறுவதற்கு முன் முதலாளி திரும்பி அவனை நெடுநேரம் பார்த்தார்.

“உன்னை நான் மறக்கவே மாட்டேன்” என்றார்.

டாக்ஸி தெருமுனையில் திரும்பி மறைந்தது. குமாஸ்தாவுக்கு அழுகையே வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, எடுத்த வேலையை முடித்துவிட்டான். கை வைத்த நாற்காலியின் மெத்தை முதுகில் படுவதுபோலவே இருந்தது. இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்க, கார் பக்கம் போனான். அங்கே டிரைவர் குனிந்து, டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

“பஞ்சர் ஒட்ட வேண்டாமா அண்ணே?”

“பஞ்சர் ஆனாத்தானே ஒட்டணும்” என்றார் டிரைவர், நிமிராமலே.

குமாஸ்தா அந்த டயரைப் பார்த்தான். டாக்ஸி போன திசையைப் பார்த்தான். மறுபடி டயரைப் பார்த்தான்.

டிரைவர் பம்பை ஓரமாக வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

“‘டிக்கெட் வாங்கப் போறவன் வெறுங்கையோட திரும்பி வரணும், அதுக்கு நம்ம ஆபீஸ்ல நம்பிக்கையான ஆள் யாரு’ன்னு ஐயா என்கிட்டதான் கேட்டாரு தம்பி, கண்ணை மூடிக்கிட்டு உன் பேரைச் சொன்னேன், இப்ப என் வேலையும் போச்சு.”