பாய்லர் அண்ணாச்சியும் எங்கள் காம்பவுண்டு மூக்குகளும்

எண்பதுகளில் ராஜபாளையத்து ஆஸ்பத்திரிகள் அத்தனையும் சேர்ந்து திறந்துவிட்ட மூக்குகளைவிட, பாய்லர் அண்ணாச்சி ஒருத்தர் திறந்துவிட்ட மூக்குகள் அதிகம். இதை எந்தச் சபையில் வேண்டுமானாலும் சொல்வேன். அதில் இரண்டு மூக்குகள் என் வீட்டைச் சேர்ந்தவை.

கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நான் குடிபோன காம்பவுண்டில் ஆறு வீடு, ஒரு கிணறு. கடைசி வீடு அண்ணாச்சியுடையது. பேண்டேஜ் துணி வெளுக்கிற கம்பெனியில் பாய்லர் பார்த்தார். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கடுதாசியே ‘பாய்லர் அண்ணாச்சி’ என்றுதான் வரும்.

மனுஷ உடம்பும் ஒரு பாய்லர்தான் என்பது அவர் கட்சி. “மூக்கு ரெண்டும் ஸ்டீம் லைன். அடைச்சா தொறக்கணும். அதுக்குப் போயி எதுக்கு ஊசி?” என்பார்.

குடிபோன மூன்றாம் நாள் மிளகாய் வற்றல் வறுத்தேன். தும்மினேன். ஒரே ஒரு தும்மல். அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் ஒரு கறுப்புக் கம்பளி, அதன் பின்னால் ஆவி பறக்கும் பானை, அதற்கும் பின்னால் அண்ணாச்சி.

“ஐயோ அண்ணாச்சி, வத்தல் நெடிதான்!”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாவ. உக்காரு தங்கச்சி.”

உட்காராமல் தப்பித்தவர் அந்தக் காம்பவுண்டில் கிடையாது. கம்பளிக்குள் கும்மிருட்டு. நொச்சி இலை வாசனை மண்டைக்குள் ஏறியது. வெளியே அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் சொல்லிக்கொண்டிருந்தார். மூக்கே அடைக்காத நான், வெளியே வந்தபோது நாலு வீடு தள்ளிக் கொதிக்கும் சாம்பாரில் பெருங்காயம் போடவில்லை என்று சொல்லும் அளவுக்குத் தெளிந்திருந்தேன்.

அவர் மனைவியை நாங்கள் மதினி என்போம். “இவிய தாலி கட்டுமுன்ன எம் மூஞ்சியவா பாத்தாவ? எம் மூக்கத்தான் பாத்தாவ” என்பார் மதினி.

விளையாட்டுப் போலத் தெரிந்தாலும் அண்ணாச்சியின் சட்டம் கறார். பானை அடுப்பிலிருந்து இறங்கி, தரையில் ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளைக் கம்பளிப் பக்கமே விடமாட்டார். உடம்புவலிக்காரர்களுக்கு அண்டாவில் வெந்நீர் நிரப்பிக் காலை வைக்கச் சொல்வார், தலையில் ஈரத்துண்டு. அந்த வெந்நீரிலும் முதலில் அவர் முழங்கைதான் இறங்கும். “ஆவி பொல்லாதது தங்கச்சி” என்று அந்தக் கையைத் திருப்பிக் காட்டுவார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஆவியில் வெந்த பழைய தழும்பு.

மூன்றாம் வீட்டுப் பெண்ணைப் பார்க்கச் செட்டியார்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பத்து நாள் சளி. காப்பி வருமுன் தும்மிவிட்டார். பெண்ணின் அப்பா பதறிப்போய் ஜன்னலைச் சாத்தினார். பிரயோஜனமில்லை. பெண் தலைகுனிந்து காப்பித் தட்டோடு வந்தபோது, மாப்பிள்ளை இருந்த இடத்தில் ஒரு கம்பளிதான் இருந்தது.

“பொண்ணக் காட்டுவியன்னு வந்தா, மாப்பிள்ளைய மூடி வைக்கியளே!” என்று பையனின் அம்மா சத்தம் போட்டார்.

“செத்த நேரம் பொறுங்க. இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு.”

வெந்த கிழங்கு மாதிரி முகத்தோடு மாப்பிள்ளை வெளியே வந்தார். எதிரே பெண். மூச்சை ஆழமாக இழுத்தார். “எம்மா, காப்பி வாசனை வருது!” என்றார். பத்து நாளில் அவர் முகர்ந்த முதல் வாசனை. சம்மதம் என்று ஊருக்குப் போய்க் கடுதாசி எழுதவில்லை, அங்கேயே சொல்லிவிட்டார்.

அந்த வருஷம் ஐப்பசி அடைமழையில் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. அண்ணாச்சி இரண்டு நாள் ஆவி கொடுத்தார், கால்களை வெந்நீரில் வைத்தார், கஞ்சி வைத்துக் குடிக்கச் சொன்னார். மூன்றாம் நாள் காலை பானையோடு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கட்டிலருகே குனிந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி என் வீட்டுக்காரரின் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணினார். பானையைத் தரையில் வைத்தார்.

“தங்கச்சி, சேலைய மாத்து. ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

நான் அதற்குள் அவருடைய பக்தையாகியிருந்தேன். “இன்னொரு தடவ ஆவி பிடிச்சா சரியாயிரும்லா அண்ணாச்சி?”

“இது நொச்சிக்கு அடங்குததில்ல. மூச்சு ரொம்ப வேகமா ஓடுது. ஏட்டி, கெளம்புன்னு சொல்லுதேன்ல!”

அவர் என்னை அதட்டியது அந்த ஒரு முறைதான். மழையில் கம்பெனிக்கு ஓடி வேனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பேண்டேஜ் துணி மூட்டைகளுக்கு நடுவே என் வீட்டுக்காரரைச் சாய்த்து, வழி முழுக்க அவர் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு நிமோனியா என்றார். “இத்தன நாள் என்ன செஞ்சீங்க?” என்று என் பக்கம் திரும்பினார். அண்ணாச்சி நடுவில் வந்து நின்றார்.

“ரெண்டு நாளா நாந்தான் ஆவி குடுத்தேன் சார். ஏசுததுனா என்னைய ஏசுங்க. இந்தப் பிள்ளைய ஒண்ணும் சொல்லாதிய.”

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சளிக்கு ஆவி பிடிக்கலாம்யா, தப்பில்ல. எப்ப நிறுத்தணும்னு தெரிஞ்சு கூட்டிட்டு வந்தீரே, அதான் பெரிசு.”

ஊசியிலும் மாத்திரையிலும் என் வீட்டுக்காரர் பிழைத்தார். ஆனால் அண்ணாச்சி படுத்துவிட்டார். உடம்பு படுக்கவில்லை, மனசு. பானையைப் பரணில் ஏற்றிவிட்டார். காம்பவுண்டில் ஆளாளுக்குத் தும்மினோம், அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். “சோறு எறங்க மாட்டேங்குது அவியளுக்கு” என்று மதினி கிணற்றடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒருநாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் மெல்ல நடந்து போய் அவர் வாசலில் நின்று தும்மினார். அவருக்கு நடிப்பு சுத்தமாக வராது. கோழி விரட்டுவது போலிருந்தது.

அண்ணாச்சி வெளியே வந்தார். “என்ன மாப்ள?”

“லைன் அடைச்சிருக்கு அண்ணாச்சி.”

 அண்ணாச்சி உள்ளே திரும்பி, “ஏட்டி, அடுப்பப் பத்த வை” என்றார். காம்பவுண்டே கைதட்டியது.

தொண்ணூறுகளில் நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே திரும்பிவிட்டோம். வத்திராயிருப்பில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அண்ணாச்சி எங்கள் ஊரில் பஸ் மாறுவார். அந்த இடைவெளியில் எங்கள் தெருவரை நடந்து வருவார். உள்ளே வரச் சொன்னால் வரமாட்டார். பஸ் போயிரும் என்பார். வெளியில் நின்றே, “மாப்ள நல்லா மூச்சு விடுதாராத்தா?” என்று கேட்பார். நான் தலையாட்டினால் போதும், திரும்பி நடப்பார்.

அந்த ஒரு கேள்விக்காக வெயிலில் அம்புட்டு தூரம் நடந்து வர, எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் என்று யாரும் இல்லை. அந்தக் குறை எனக்குத் தெரிந்ததும் இல்லை.