சுவரேறிய பல்

பல் தேய்த்த வேகத்தில் பிரஷ் படக்கென்று ஒடிந்து, தலை மட்டும் என் வாய்க்குள் நின்றது. துப்பிவிட்டுக் கண்ணாடியில் இளித்துப் பார்த்தேன். துலக்கிய பாத்திரம் தோற்றது.

"பல்லைத் தேய்க்கிறீங்களா, பல்லோட சண்டை போடுறீங்களா?" என்றாள் மனைவி.

"உன்னை மாதிரி பூனைக்குட்டியைத் தடவுற மாதிரி தடவினா அழுக்கு எப்படிப் போகும்?"

அவள் வழக்கம்போல் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

என் வீராப்புக்குக் காரணம் இருந்தது. பல் டாக்டரான எங்கள் மகள் சொந்தக் கிளினிக் திறக்கப்போகிறாள். "அப்பா, சுவத்துல பெருசா மாட்ட உங்க பல்லைப் படம் எடுக்கணும்" என்று அவளே கேட்டிருந்தாள். பெற்றவனுக்கு வேறென்ன வேண்டும்? தெருவில் சொன்னேன், ஆபீசில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் தூங்குவதுபோல் நடிக்கும்வரை சொன்னேன்.

படத்துக்கு இன்னும் வெளுக்க வேண்டுமே என்று, ஒடிந்ததைவிட முரடான பிரஷ் வாங்கினேன். பல் கூசியது. அழுக்குதான் காரணம் என்று எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து, அதன்மேல் மறுபடி பிரஷ் போட்டேன். அப்புறம் மூச்சை உள்ளே இழுத்தாலே உச்சந்தலைவரை சுரீர் என்றது. மகளிடம் மூச்சு விடவில்லை. மாட்டப்போகிற பல் கூசலாமா?

படம் எடுத்தவள் சொன்னாள்: "நான் தேடினது இதைத்தான்பா. முதல்ல அந்த பிரஷைத் தூக்கிப் போடுங்க. திறக்கிற அன்னிக்கு என் நாற்காலியில முதல்ல உக்காரப்போறதும் நீங்கதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிரஷ் பழசாகிவிட்டது போல என்று, அதே மாதிரி புதிதாக ஒன்று வாங்கினேன். அன்று என் படம் முடிந்ததும் மகள் அவள் அம்மாவையும் அறைக்குள் கூப்பிட்டிருந்தாள். விளக்கை எடுத்து வைக்கத்தான் இருக்கும்.

திறப்பு நாளில் ஐஸ் மிதக்கும் ஜூஸ் வந்தது.

"பல்லழகரே, நீங்க குடிக்காமலா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மானம் பெரிது. குடித்தேன். ஒரு கால் தானாகத் தூக்கிக்கொண்டது. கண்ணில் தாரை தாரையாக நீர்.

"ஆனந்தக் கண்ணீர்" என்றேன்.

குளிருக்குச் சூடுதானே மாற்று என்று கொதிக்கக் கொதிக்கக் காபி குடித்தேன். இன்னொரு காலும் தரையை விட்டது.

முன்னறைச் சுவர் முழுக்க என் பல். அதன் கீழே, நானே வாங்கிவந்த ஆளுயரப் பூங்கொத்து. ஆனால் பார்த்தவர்களெல்லாம் ஏனோ தங்கள் வாயைத் தடவிக்கொண்டு நகர்ந்தார்கள்.

"எப்படி?" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"பெருசா இருக்கு."

மனைவியைக் கேட்டேன். "தெளிவா இருக்கு" என்று வாயை மூடிக்கொண்டாள்.

மகளைக் கேட்டேன். "முதல்ல வந்து நாற்காலியில உக்காருங்கப்பா, சொல்றேன்."

கடைசியில் கிளினிக் உதவியாளர் பெண்ணைப் பிடித்தேன். "நீயாவது சொல்லும்மா, என் பல் எப்படி?"

அவள் என் பூங்கொத்தைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"எழுத்தை மறைச்சு வச்சுட்டீங்களே சார். 'முரட்டுத்தனமாகத் தேய்த்தால் பல் இப்படித்தான் தேயும்'னு கீழே போட்டிருக்கு பாருங்க. நல்ல பல்லு படம் உள்ளே மாட்டியிருக்கு, அது உங்க வீட்டம்மாவோடது."